சாம்புவும் வேம்புவும்: துப்பறியும் தம்பதியர் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலர்க்குழு நண்பர் போன் செய்து கட்டுரை கேட்டபோது, “பேகூர் கல்வெட்டு, தொம்மலூர் சொக்கநாதர் கோவில் தமிழ்க் கல்வெட்டு, இப்படி ஏதாவது எழுதுங்க சார், மலருக்குக் கனமா இருக்கும்” என்றார். நான் துப்பறியும் சாம்புவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “அதுல வரலாறு எங்க சார் இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கல்வெட்டு மட்டுந்தான் வரலாறா? எங்கள் அல்சூர் வீட்டில் அரை நூற்றாண்டாக யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குச் சாம்புவும் வேம்புவும் வேண்டியிருக்கிறது.

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து குற்றத்தைக் கண்டுபிடிப்பது, அதையும் சிரிக்கச் சிரிக்கச் செய்வது என்பது தனியாக ஒரு கதை வகை. மேல்நாட்டில் அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. அகதா கிறிஸ்டி 1922லேயே டாமி, டப்பென்ஸ் என்ற ஜோடியை அறிமுகப்படுத்தினார். 1929ல் வந்த சிறுகதைத் தொகுப்பில் அவர்கள் கல்யாணமாகி ஒரு துப்பறியும் நிறுவனமே நடத்துகிறார்கள். கிறிஸ்டியின் மற்றத் துப்பறிவாளர்கள் பல ஆண்டுகளுக்கு ஒரே வயதில் நின்றுகொண்டிருக்க, இந்த ஜோடி மட்டும் நம்மைப்போல் வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, 1973ல் அவர் எழுதிய கடைசி நாவல் வரை வந்தது.

அமெரிக்காவில் டாஷியல் ஹாம்மெட் 1934ல் ‘தி தின் மேன்’ நாவலை எழுதினார். ஹாம்மெட் நிஜமாகவே பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நாவலின் நாயகன் நிக் சார்ல்ஸ், துப்பறியும் தொழிலை விட்டுவிட்டுப் பணக்கார மனைவி நோராவுடன் உல்லாசமாக இருப்பவர். அதே ஆண்டில் வில்லியம் பவல், மிர்னா லாய் நடித்துப் படமாக வந்து ஓடு ஓடென்று ஓடியது. 1947க்குள் ஆறு படங்கள். இதில் ஒரு வேடிக்கை. தலைப்பில் உள்ள ‘ஒல்லி மனிதர்’ நிக் அல்ல, கதையில் காணாமல் போகிறவர். ஜனங்கள் நிக்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். படக் கம்பெனியும் அடுத்தடுத்த படங்களுக்கு அதே பெயரை ஒட்டவைத்துக்கொண்டது. பெயர் ஒருவருக்கு, புகழ் இன்னொருவருக்கு. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறேன்.

தொலைக்காட்சி வந்தபோது இந்த ஜோடிகள் வரவேற்பறைக்குள் நுழைந்தார்கள். முதலில் நார்த் தம்பதி. பிரான்சஸ் லாக்ரிட்ஜ், ரிச்சர்ட் லாக்ரிட்ஜ் என்ற நிஜத் தம்பதி சேர்ந்து எழுதிய பாத்திரங்கள் இவர்கள். ஜெர்ரி நார்த் புத்தகப் பதிப்பாளர். மனைவி பமேலா, எங்கே போனாலும் ஒரு பிணத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். 1940ல் முதல் துப்பறியும் நாவல், 1941ல் பிராட்வே நாடகம், 1942 முதல் வானொலி. வானொலியில் சோப்புக் கம்பெனி விளம்பரதாரர்.  1952ல் ரிச்சர்ட் டென்னிங், பார்பரா பிரிட்டன் நடிக்கத் தொலைக்காட்சித் தொடராயிற்று. இரண்டே ஆண்டுகள், 57 பகுதிகள், 1954ல் முடிந்துபோனது. அடுத்து 1957ல் நிக்கும் நோராவும் பீட்டர் லாஃபோர்ட், ஃபிலிஸ் கிர்க் உருவில் வந்தார்கள். அதுவும் இரண்டு பருவம், 72 பகுதிகள், 1959ல் மூடுவிழா. லாஃபோர்ட் அப்போது ஜான் கென்னடியின் தங்கை கணவர் என்பது தனிக் கதை.

ஏன் இவை நீடிக்கவில்லை என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. தம்பதி துப்பறியும் கதையில் குற்றம் வெறும் சாக்கு. ஜனங்கள் பார்ப்பது அந்த இருவரும் பேசிக்கொள்ளும் அழகை. நாவலில், சினிமாவில் அது வருஷத்துக்கு ஒரு தரம் விருந்து. வாரா வாரம் அரை மணி நேரத்தில் ஒரு கொலை, ஒரு கொலையாளி, நடுவில் இரண்டு விளம்பரம் என்று வந்தால், புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள எங்கே நேரம்? கொலையாளியைப் பிடிக்கவே நேரம் சரியாகிவிடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழில் துப்பறியும் நாவல் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள், ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு பெரிய வரிசை. அந்த நாவல்களில் பெண்கள் பெரும்பாலும் கடத்தப்படுவார்கள், மயங்கி விழுவார்கள், கடைசியில் கல்யாணம் செய்துகொள்வார்கள். துப்பறிகிறவனுடைய வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டைத் திறந்து காட்டியவர் தேவன். ஆர். மகாதேவன் என்பது இயற்பெயர். 1913ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆனந்த விகடனில் சேர்ந்து, கல்கி விலகிய பிறகு, 1942 முதல் 1957ல் மறையும் வரை பொறுப்பாசிரியராக இருந்தவர். ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ எழுதி நீதிமன்ற நடைமுறையைத் தமிழ் வாசகனுக்குப் பாடம் எடுத்தவரும் அவரே. 1940களில் விகடனில் அவர் எழுத ஆரம்பித்த ‘துப்பறியும் சாம்பு’ கதைகள் மொத்தம் 50.

சாம்பு பாங்கியில் குமாஸ்தாவாக இருந்து வேலை போனவர். வழுக்கை, வளைந்த மூக்கு, அசட்டு விழி. பார்த்தவுடனே ‘இது தேறாது’ என்று சொல்லிவிடலாம். அவர் எங்கேயோ தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். பயத்தில் உளறுவார், அந்த உளறலைக் கேட்டுக் குற்றவாளி தன்னைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து நடுங்குவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்பட ஊரே ‘மேதை’ என்று கொண்டாடும். தான் ஏன் கொண்டாடப்படுகிறோம் என்பது சாம்புவுக்கு மட்டும் விளங்காது. ராஜு படம் போட்டார். பின்னால் கோபுலு அதைச் சித்திரத் தொடராக வரைந்தார். சாம்பு என்றால் இன்றும் பலருக்கு மனதில் வருவது கோபுலுவின் மூக்குதான்.

கதைகள் வளர வளர சாம்புவுக்குக் கல்யாணமாகிறது. மனைவி வேம்பு. சுந்து என்று ஒரு பையன். இதுதான் தேவன் செய்த நுட்பமான காரியம் என்று நான் கருதுகிறேன். ஷெர்லாக் ஹோம்ஸுக்குக் கல்யாணம் கிடையாது. நம் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் பிரம்மச்சாரிகள். (சுஜாதா ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டு எழுதிய பெங்களூர்க்காரர் என்பதில் நமக்கெல்லாம் ஒரு சொந்தப் பெருமை உண்டு.) துப்பறிகிறவனுக்கு மனைவி வந்தால் கதாசிரியருக்குத் தொல்லை. ராத்திரி எங்கே போனீர்கள் என்று கேட்பாள். முக்கியமாக, அவன் நிஜமாகவே புத்திசாலியா என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். தேவன் அந்தத் தொல்லையையே ஹாஸ்யமாக்கினார். ஊர் நம்புகிறது, போலீஸ் நம்புகிறது, வேம்புவும் தன் கணவர் மேதை என்றே நம்புகிறாள். அந்த நம்பிக்கைக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டிய கஷ்டம் சாம்புவுக்கு.

சாம்புவுக்கு ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, 1963ல், ஹாலிவுட்டில் ‘தி பிங்க் பேந்தர்’ வந்தது. பீட்டர் செல்லர்ஸ் நடித்த இன்ஸ்பெக்டர் க்ளூஸோவும் தடுக்கி விழுகிற துப்பறிவாளர்தான். உலகமே சிரித்தது. ஆனால் அவருடைய மனைவி யார் தெரியுமா? அவர் தேடிக்கொண்டிருக்கும் திருடனின் காதலி. புருஷனையே மாட்டிவிட்டுப் போகிறாள். அங்கே மூடத் துப்பறிவாளனுக்கு மனைவி துரோகி, இங்கே அவள் பக்தை. இரண்டிலும் மனைவிக்கு ஒரு விஷயம் மறுக்கப்படுகிறது. அவளாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. தேவன் என் அபிமான எழுத்தாளர், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பின்னால் வந்தவர்களையும் சட்டென்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா என்று மனைவி உண்டு. ஆனால் சங்கர்லால் குடித்த தேநீர் ஞாபகமிருக்கிற அளவுக்கு இந்திரா நமக்கு ஞாபகமில்லை. ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா தம்பதி எண்பதுகளின் பாக்கெட் நாவல் யுகத்தில் வீடுவீடாகப் போனவர்கள். ரூபலா கேள்வி கேட்பாள், கிண்டல் செய்வாள், சில சமயம் நல்ல குறிப்பும் கொடுப்பாள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் இன்னும் சமதையான ஜோடிகள். சுசீலாவின் டீ-ஷர்ட் வாசகங்களுக்காகவே நாவல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கவனியுங்கள், பெண் சமமாகத் துப்பறிய வேண்டுமென்றால் கல்யாணம் ஆகாமல் இருந்தால்தான் எழுத்தாளருக்கு வசதியாக இருக்கிறது! மாங்கல்யம் ஏறியதும் காபி டம்ளர் கைக்கு வந்துவிடுகிறது. கன்னடத்திலும் இதே காலத்தில் என். நரசிம்மய்யாவின் பத்தேதார் புருஷோத்தமன் கதைகள் சக்கைப்போடு போட்டன. மெஜஸ்டிக் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் சங்கர்லாலும் கன்னட புருஷோத்தமனும் ஒரே சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பார்கள்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் வந்தது. பெங்களூருக்கு 1981 நவம்பர் முதல் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தபோதும் நமக்குக் கிடைத்தது கன்னடமும், தில்லியிலிருந்து அஞ்சல் செய்யப்பட்ட ஹிந்தியும். தமிழ் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ காசெட் வாடகைக்கு எடுக்க வேண்டும். 1993ல் சன் டிவியும் தூர்தர்ஷனின் தமிழ்ச் செயற்கைக்கோள் அலைவரிசையும் வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. அதற்கு முந்திய பன்னிரண்டு வருஷம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் மொழி தெரியாமல் ஹிந்தித் தொடர்களைப் பார்த்து, ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டு காலம் தள்ளின.

அப்படித்தான் 1985ல் ‘கரம்சந்த்’ வந்தது. பங்கஜ் பராஷர் இயக்கம். பங்கஜ் கபூர் கறுப்புக் கண்ணாடியும் கேரட்டுமாகத் துப்பறிவார். உதவியாளர் கிட்டியாக சுஷ்மிதா முகர்ஜி. கிட்டி அசட்டுத்தனமாக ஏதாவது கேட்பாள், கரம்சந்த் வாயை மூடு என்பார். நாடே அந்த வசனத்தைச் சொல்லித் திரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்பா ஒரு நாள் அம்மாவைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னார். அம்மா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, தோசை மாவைக் கலக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வசனம் எங்கள் வீட்டில் ஒலித்ததில்லை. 1993ல் பாசு சாட்டர்ஜியின் ‘வியோம்கேஷ் பக்ஷி’ வந்தது. அதில் ரஜித் கபூரின் வியோம்கேஷ், ஒரு வழக்கில் சந்தேகத்துக்கு ஆளானவனின் தங்கை சத்யவதியையே மணந்துகொள்கிறார். “இந்தப் பெண் ஏதோ யோசிக்கிறா மாதிரி இருக்கு” என்று அம்மா சத்யவதிக்கு நற்சான்று கொடுத்தாள்.

நம் சாம்புவும் தொலைக்காட்சிக்கு வந்தார். சென்னைத் தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். சோவின் நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தால் ‘காத்தாடி’ ஆனவர், ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் குழுவை நடத்தியவர். அசட்டு விழிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. ஒரு கல்யாணத்துக்காக நானும் அம்மாவும் சென்னை போயிருந்தபோது, மாம்பலத்தில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில், பாதி ஊர் ஜனம் தரையில் உட்கார்ந்திருக்க, ஒரு பகுதியைப் பார்த்தோம். அம்மா கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும், “மூக்கு இன்னும் கொஞ்சம் வளைஞ்சிருக்கலாம். ஆனா முழி அப்படியே தேவனோட முழி” என்றாள். அடுத்த வாரம் நாங்கள் பெங்களூரில் இருந்தோம். எங்களைப் பொறுத்தவரை அந்தத் தொடர் அந்த ஒரு பகுதியோடு முடிந்துவிட்டது.

அந்தக் காலத் தூர்தர்ஷன் தொடர்கள் பொதுவாகப் பதின்மூன்று வாரக் கணக்கில்தான் அனுமதிக்கப்பட்டன. நன்றாகப் போனால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் வணக்கம். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பகுதிகள் போகிற மெகா தொடர் அப்புறம் வந்த வியாதி. அற்பாயுள் என்பது அந்தத் தொடர்களின் குற்றமல்ல, அன்றைய ஏற்பாடே அது. ஆயுள் குறைவைவிடப் பெரிய துன்பம், போனால் திரும்பி வராமல் போவது. நார்த் தம்பதி படச்சுருளில் எடுக்கப்பட்டார்கள், அதனால் எழுபது வருஷம் கழித்தும் பல பகுதிகள் பார்க்கக் கிடைக்கின்றன. காந்த நாடாவின் கதை வேறு. நாடா விலை அதிகம். பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவார்கள். பி.பி.சி.யே ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை இப்படி இழந்துவிட்டுப் பின்னால் உலகமெல்லாம் தேடியது. பனையோலையைச் செல் அரித்தது என்று வருத்தப்படுகிறோம். செல்லாவது பசிக்காக அரித்தது.

இப்போது எங்கள் வீட்டு வழக்கு.

அம்மா பெங்களூரிலேயே பிறந்தவள். அல்சூரில் கன்னடப் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். தமிழ் எழுத்து அவளுக்குப் பள்ளியில் சொல்லித் தரப்படவில்லை. தாத்தா விகடனை மடியில் விரித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டி முதலில் தானாகப் படித்தது சாம்பு கதை. படக்கதை மாதிரி எளிதாக இருந்ததாம். அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். கன்னடம் தடுமாறாமல் பேசுவார், ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. பஸ்ஸின் நம்பரைப் பார்த்து ஏறுவார், பலகையைப் பார்த்தல்ல. நம்மில் பலர் வீட்டிலும் இதுதானே கதை.

1974ல் எங்கள் தெருவில் ஒரு மாமி ஏலச்சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். இருபது பேர், மாதம் 100 ரூபாய், இருபது மாதம். அவரும் தமிழ்க் குடும்பந்தான், பெயர் வேண்டாம். மாதா மாதம் ஏலம் நடக்கும். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்குச் சீட்டு, தள்ளின தொகை கசராக மற்றவர்களுக்குப் பிரியும். ஏலத்துக்கு வர முடியாதவர்கள் மாமியிடம் சொல்லி அனுப்புவார்கள். ஐந்தாம் மாதமும் எட்டாம் மாதமும் ராஜாஜிநகரில் இருப்பதாகச் சொல்லப்பட்ட இரண்டு கன்னட மெம்பர்கள் பெயரில் சீட்டு போயிற்று. அவர்களை யாரும் பார்த்ததில்லை. நோட்டில் கையெழுத்து மட்டும் இருந்தது, கன்னடத்தில்.

அக்காள் கல்யாணத்துக்காக அப்பா ஒன்பதாம் மாதச் சீட்டை நம்பியிருந்தார். கசர் கணக்கு சரிபார்க்கிறேன் என்று அம்மா ஒரு ராத்திரிக்கு அந்த நோட்டை வாங்கி வந்தாள். கரண்ட் இல்லை. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

அம்மா ஒரு கையெழுத்தில் விரலை வைத்தாள். அந்தப் பெயரில் ‘ரத்ன’ என்ற சொல் வரும். தமிழில் நாம் ரத்தினம் என்று ‘தி’ போட்டு எழுதுவோம். கன்னடத்தில் ‘தி’ கிடையாது, ‘த’வுக்குக் கீழே ‘ன’வை ஒத்தெழுத்தாகத் தொங்கவிடுவார்கள். அந்தக் கையெழுத்தில் கன்னட எழுத்தில் ‘ரத்தின’ என்று இருந்தது.

“கன்னடத்துக்காரி தன் பேருக்குள்ள நம்ம ‘தி’யைப் போடுவாளாடா?” என்றாள் அம்மா, என்னிடம்தான். பிறகு எட்டாம் மாதக் கையெழுத்தைப் பார்த்தாள். அதே பேனா, எழுத்தின் மேல் போடும் தலைக்கட்டு அதே மாதிரி பாதியில் நின்றிருந்தது. கன்னடம் அரைகுறையாகப் பழகிய ஒரு கை. அவள் கூச்சல் போடவில்லை. அப்பாவை எழுப்பி மெல்லச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் மாமி அழுதுவிட்டார். வீட்டுக்காரருக்கு வைத்தியச் செலவு, கடன், வேறு வழி தெரியவில்லை. போலீஸுக்குப் போக வேண்டாம், மாதத் தவணையில் திருப்பித் தரட்டும் என்று முடிவாயிற்று. பணம் மெதுமெதுவாக வந்து சேர்ந்தது. அக்காள் கல்யாணம் ஆறு மாதம் தள்ளி நடந்தது.

அந்தக் கல்யாணத்தில் ஒரு சித்தப்பா அப்பாவுக்குத் ‘துப்பறியும் சாம்பு’ என்று பட்டம் கட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அதற்கடுத்த வருஷங்களில் அந்தக் கதையை அவர் சொன்ன முறை மெல்ல மாறியது. முதலில் “எங்க வீட்ல பார்த்துச் சொன்னா” என்று இருந்தது. பிறகு “நாங்க நோட்டைப் பார்த்தோம்” என்றானது. கடைசிப் பத்து வருஷம் “நான் கையெழுத்தைப் பார்த்தேன், உடனே பொறி தட்டித்து” என்றுதான் சொன்னார். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. கன்னட எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாதவர் அதை எப்படிப் பார்த்தார் என்று கேட்டவர்கள் இல்லை. அம்மா அப்போதெல்லாம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். அங்கேயே உட்கார்ந்திருந்த, டார்ச் பிடித்த நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபையில் அப்பாவைத் திருத்துவதா என்ற எண்ணம். மாப்பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் இன்றுவரை துப்பறிந்தது தாத்தாதான்.

அப்பா காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் சாயங்காலங்களில் நான் சாம்பு படித்துக் காட்டுகிறேன். தாத்தாவின் பைண்டு தொகுப்பு உதிர்ந்துபோய்விட்டது, இப்போது இருப்பது அல்லயன்ஸ் பதிப்பு. போன மாதம், ஊரெல்லாம் சாம்புவைப் பாராட்டுகிற ஓர் இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

“சாம்புவுக்குத் தான் கண்டுபிடிக்கலைன்னு தெரியும். பாவம், அதான் அவர் முழிக்கிறார். வேம்புக்குத்தான் தெரியாது” என்றாள். சற்று நேரம் கழித்து, “நம்மாத்துல தலைகீழ்” என்றாள்.

இதைச் சங்க மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதேன். ஆனா அப்பாவை விட்டுடாதே. கதவைத் தட்டினது அவர்தானே, நான் போயிருக்க மாட்டேன்” என்றாள். பிறகு, “அந்த ஒத்தெழுத்தைச் சரியாப் போடச் சொல்லு, அச்சுல தப்பாயிடப் போறது. சரி, மேலே படி.”